ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி

நான் கால் நூற்றாண்டுக்கு மேல் வேலை செய்த நிலவறை இந்தக் கோடையோடு வெறுமையாகிவிட்டது. லண்டனின் பெரிய அருங்காட்சியகம் ஒன்றின் அடித்தளம் அது. மேலே கூடங்களில் சுமேரியரின் பொன் இலைகளும் நீலக்கல் மணிகளும் கண்ணாடிக்குள் இருந்தன. கீழே எங்களோடு இருந்தவர்கள் அவற்றை அணிந்தவர்கள். அணிய வசதி இல்லாதவர்கள்தான் அவர்களில் கூடுதல். தென் ஈராக்கில் ஊர் என்ற பழைய நகரத்தின் கல்லறைகளிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்ட எலும்புகள், பெட்டி பெட்டியாக.

இப்போது அவர்களை நகரத்துக்கு வெளியே புதிய கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் இடத்தில் இப்போது வேலை செய்கிற நிவேதா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, வெறுமையான அலமாரித் தட்டுகளைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனாள்.

"சார், நீங்க எழுதி வைங்க," என்றாள். "எந்தப் பெட்டி எங்க, யார் எப்பத் திறந்தாங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. ஏன்னு மட்டும் எங்கயுமே இல்ல."

"எழுதினால் யார் வாசிப்பது?"

"நான் படிப்பேன். ஆமா, மத்தவங்களுக்கும் இங்கிலீஷ்ல சொல்லுவேன். நீளமா எழுதிடாதீங்க."

ஆகவே எழுதுகிறேன். திகதி இல்லாமல் எதையும் எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் இங்கே சுமேரியரின் முறையையே பின்பற்றப்போகிறேன். அவர்கள் ஆண்டுகளுக்கு எண் இடவில்லை, பெயர் இட்டார்கள். இன்ன கால்வாய் வெட்டிய ஆண்டு, இன்ன மதில் கட்டிய ஆண்டு என்று. ஓர் ஆண்டுக்கு இன்னும் பெயர் வரவில்லை என்றால், "கால்வாய் வெட்டிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு" என்று எழுதினார்கள். சில வேளை அதற்கும் அடுத்த ஆண்டு. இதை முதன்முதலில் வாசித்த அன்று, என் வாழ்க்கையை ஒழுங்குபடுத்த ஒரு முறை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் லண்டனுக்கு வந்த ஆண்டும், அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆண்டும் அடுத்தடுத்தவை. அந்த அருங்காட்சியகத்தில் முதலில் தரை துடைத்தேன். ஒரு நாள் நிலவறையில் பெட்டி தூக்க ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். நான் பெட்டியை இரண்டு கையாலும் அடியில் பிடித்துத் தூக்கி, வைக்கும்போது சத்தமில்லாமல் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "இவரை எனக்குத் தாருங்கள்" என்று மேலதிகாரியிடம் சொன்னார். அவர்தான் மிஸ் டாசன். என்னுடைய பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு அதிகம் இல்லை. அவர் செய்ததைப் பார்த்தேன், பிறகு அவர் பார்க்க நான் செய்தேன்.

மிஸ் டாசன் உயரமானவர், மெல்லிய குரல். நிலவறையில் பேனா கொண்டுவர விடமாட்டார். பென்சில் மட்டும். மேசையில் வெள்ளை நுரைத்தாள் விரித்து, அதன் மேல் டிஷ்யூத் தாள் விரித்து, அதற்குப் பிறகுதான் பெட்டியின் மூடியில் கை வைக்க வேண்டும். ஒரு மூடி திறந்திருக்கும்போது இன்னொரு மூடி திறக்கக் கூடாது. ஓர் ஆளின் விரல் எலும்பு இன்னோர் ஆளின் பெட்டிக்குள் போய்விட்டால் அதை எந்தப் பேராசிரியராலும் திருப்பி எடுக்க முடியாது என்பார். தலையோட்டிலிருந்து தொடங்கிப் பாதம்வரை ஒவ்வொன்றாக எடுத்து, படுத்திருக்கும் ஆளைப் போலவே மேசையில் வைப்போம். மென்மையான தூரிகையால் தூசி தட்டுவோம். தட்டிய தூசியையும் எறியாமல் சிறு குப்பியில் போட்டு அதே பெட்டியில் வைப்போம். "அதுவும் அவர்தான்" என்பார் மிஸ். எலும்பை அவர் ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. மூடியை மூடும்போது நன்றி என்று சொல்வார். என்னிடம் சொல்கிறாரா, பெட்டியிடம் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெளிவாகவில்லை. நான் பதில் சொல்வதை இரண்டாம் மாதத்தோடு விட்டுவிட்டேன்.

தொடக்கத்தில் ஒரு பிழை விட்டேன். ஊர் நகரத்துச் சாதாரணக் கல்லறைகளில் இறந்தவரைப் பாயில் சுற்றி, பக்கவாட்டில், முழங்கால் மடித்துப் படுக்கவைத்திருப்பார்கள். தண்ணீர் குடிக்க ஒரு கிண்ணத்தைக் கையில், வாய்க்குக் கிட்டவாக வைத்திருப்பார்கள். ஒருவருடைய பெட்டியை மாற்றும்போது அவருடைய கிண்ணம் அடுத்த அறையில் மட்பாண்டங்கள் வைக்கும் தட்டில் இருப்பதைப் பதிவில் கண்டேன். எடுத்துவந்து டிஷ்யூவில் சுற்றி அவருடைய தாடை எலும்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். செத்த வீட்டில் வாய்க்கரிசி போட்டுப் பழகியவனுக்கு அது பிழையாகவே தோன்றவில்லை. மறுநாள் மிஸ் அதைக் கண்டார். கோபிக்கவில்லை.

"மட்பாண்டம் உருண்டால் தாடை உடையும், மிஸ்டர் நாதன்," என்றார். பிறகு கிண்ணத்தைத் திருப்பித் தட்டில் வைத்துவிட்டு வந்து, "ஆனால் அது எங்கே இருந்தது என்பதை நீங்கள் மறக்கவில்லை. அதை மறக்காதீர்கள்," என்றார்.

பெட்டிகளோடு இருந்து இருந்து அந்த மனிதர்களின் நாளாந்த வாழ்க்கை எனக்குப் பழகிப்போனது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேலே நூலகத்துக்குப் போய், கண்டதை வாசித்ததோடு பொருத்திப் பார்ப்பேன். வாற்கோதுமையைக் கல்லில் அரைத்துச் சாப்பிட்டவர்கள், அந்தக் கல்லின் துகள் மாவில் கலந்து பல்லைத் தேய்த்துவிட்டது. முப்பது வயதுக்காரருக்கும் கடைவாய்ப் பல் தட்டையாக இருக்கும். குந்தியிருந்து வேலை செய்தவர்களின் கணுக்கால் எலும்பில் அதற்கென்றே ஒரு தடம் உண்டு. எங்களுடைய ஆட்களுக்கும் அந்தத் தடம் இருக்கும். நெசவுக் கூடங்களில் பெண்கள் பிள்ளைகளோடு வேலை செய்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாற்கோதுமையும் எண்ணெயும் கம்பளியும் கூலியாகப் பெற்றார்கள். வெங்காயம், மீன், பேரீச்சம்பழம், வாற்கோதுமைக் கள், இவைதான் சாப்பாடு. வசதி உள்ளவர்கள் வீட்டுத் தரைக்குக் கீழேயே இறந்தவர்களைப் புதைத்து, அதற்கு மேல் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். செத்தபிறகும் ஒருவரும் தனியாக இல்லை.

நான் அப்போது தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மேலறையில் குடியிருந்தேன். கீழே யாழ்ப்பாணத்துக் குடும்பம். என் வேலை என்ன என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கார அம்மா குளிக்காமல் என்னைக் குசினிக்குள் விடவில்லை.

"ஒவ்வொரு நாளும் செத்த வீட்டுக்குப் போட்டு வாற மனுசன்," என்பார். "தலையில தண்ணி வார்த்திட்டு வாங்கோ. சோறு ஓடாது."

எனக்கும் அது மனதில் இருந்தது. வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போனபோது வாசலில் நின்று ஐயரிடம் விஷயத்தைச் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டேன். ஐயர் யோசித்தார்.

"எத்தினை வருசத்து எலும்பு?"

"நாலாயிரத்து ஐந்நூறு வருசம் வரும், ஐயா."

"செத்த வீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள்தான். நீங்கள் கொஞ்சம் பிந்திப் போனீங்கள். வாங்கோ உள்ள."

இனி என் வீட்டு விஷயம். அதைச் சொல்லாமல் நிவேதா கேட்ட 'ஏன்' விளங்காது.

எனக்கும் என் மனைவி பவளத்துக்கும் பிள்ளை இருக்கவில்லை. இலங்கையில் எங்கள் ஊரில் ஷெல்லடி கடுமையாக இருந்த ஆண்டு, பக்கத்து வீட்டில் ஷெல் விழுந்தது. நான் ஓடிப்போனேன். தாய் தகப்பன் இருவரும் முடிந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளை கட்டிலுக்குக் கீழே கிடந்து அழுதது. தூக்கிக்கொண்டு வந்து பவளத்தின் கையில் கொடுத்தேன். அவள் வாங்கினாள். அவ்வளவுதான் நடந்தது. தாரணி என்று பெயர் வைத்தோம். தத்தெடுத்ததாகப் பதிய அப்போது அரசாங்க அலுவலகமான கச்சேரி திறந்திருக்கவில்லை. அதைப் பதிய வேண்டும் என்ற எண்ணமும் எங்களுக்கு வரவில்லை. பிறகு நான் தனியாகப் புறப்பட்டு லண்டன் வந்தேன். அகதி என்று ஏற்றுக்கொண்டபின் மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்தேன்.

விசா அலுவலகத்தில் இரத்தப் பரிசோதனை கேட்டார்கள். பவளம் பிள்ளையோடு கொழும்புக்குப் போய்க் கொடுத்தாள். முடிவு வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் உறவில்லை என்று எழுதியிருந்தது. மனைவி வரலாம், பிள்ளை வர முடியாது. மேன்முறையீடு செய்தேன், தள்ளுபடியானது. அந்த ஆண்டுக்கு 'விசா மறுத்த ஆண்டு' என்று பெயர்.

பவளம் கொழும்பிலிருந்து டெலிபோனில் சொன்னது இன்றும் எனக்கு அப்படியே கேட்கும். "பிள்ளையை விட்டிட்டு வா எண்டு நீங்கள் சொல்லுங்கோ. சொன்னா வாறன்."

நான் சொல்லவில்லை. சொல்லக்கூடிய மனிதனாக அவள் என்னைக் கட்டியிருக்கவும் மாட்டாள்.

அவர்கள் அங்கேயே இருந்தார்கள். எனக்கு அதற்குப் பின் வந்தவை எல்லாம் விசா மறுத்ததற்கு அடுத்த ஆண்டு, அதற்கும் அடுத்த ஆண்டு. சண்டை முடிந்தபின் தைமாதங்களில் போய் வந்தேன். தாரணி படித்து ஆசிரியையாகி, கல்யாணம் செய்து, தாயையும் தன்னோடு வைத்துக்கொண்டாள். ஓய்வு பெற்றபின் அங்கேயே இருந்துவிடலாம் என்று ஒருமுறை மூன்று மாதம் இருந்து பார்த்தேன். தாயும் மகளும் ஒருவர் எந்நேரம் எழும்புவார் என்று மற்றவர் பார்க்காமலே அறிந்து வாழ்ந்தவர்கள். எனக்கு விருந்தாளிக் கோப்பையில் தேநீர் தந்தார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. நான் திரும்பி மிச்சத்துக்கு வந்துவிட்டேன்.

நான் சொல்ல வந்த கடினமான வேலை ஒன்று, மிஸ் டாசனின் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்த ஆண்டில் வந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அருங்காட்சியகங்களில் ஒரு மாற்றம் வந்துவிட்டது. மனித எலும்பைப் பொருள் என்று நினைக்கக் கூடாது, ஒவ்வொருவரும் ஒரு நபர், ஆகவே ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி, ஓர் ஆளுக்கு ஓர் எண். மரியாதையை நினைத்துச் செய்த விதி அது. மிஸ்ஸுக்கும் அதில் மறுப்பில்லை. ஒரே பெட்டியில் கிடந்த பலரை நாங்கள் பிரித்துத் தனித்தனியே வைத்தோம்.

ஒரு பெட்டியை மட்டும் தொடாமல் வைத்திருந்தோம். அதில் ஒரு பெண்ணும் ஒரு கைக்குழந்தையும். பெண் பக்கவாட்டில் படுத்திருந்தாள், அவளுடைய வலக்கை குழந்தையைச் சுற்றியிருந்தது. அகழ்ந்தவர்கள் அதைக் குலைக்க மனமில்லாமல், உருக்கிய மெழுகை மேலே ஊற்றி, துணி போர்த்தி, கட்டியாகத் தூக்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் தூக்குவார்கள். மெழுகு காய்ந்து பழுப்பாகி, அவளுடைய முன்கை எலும்புகளும் குழந்தையின் விலா எலும்புகளும் ஒன்றோடொன்று பிடித்துப்போய் இருந்தன. பெட்டியில் பழைய கையெழுத்தில் 'தாயும் சேயும்' என்று எழுதியிருந்தது.

ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மரபணு ஆராய்கிற டாக்டர் ஒருவர் வந்தார். மரியாதையான இளைஞர். உள்காதைச் சுற்றிக் கல்லைப் போல இறுகிய எலும்பு ஒன்று உண்டு, அதில் கொஞ்சம் துளைத்து எடுத்தார். அந்த வெயிலிலும் உப்பு மண்ணிலும் கிடந்த எலும்பில் எதுவும் மிஞ்சாது என்று அவரே சொன்னார். ஆனால் மிஞ்சியிருந்தது. அதிகமில்லை, ஒன்றைச் சொல்லப் போதுமான அளவு. அந்தப் பெண் அந்தக் குழந்தையின் தாய் அல்ல.

முடிவைக் கூட்டத்தில் வாசித்தார்கள். மெழுகைப் பற்றிக் கேட்கவேண்டி வரலாம் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இதே வசனத்தை வாழ்க்கையில் இரண்டாவது முறையாகக் கேட்டுக்கொண்டு மேசையின் மூலையில் இருந்தேன். அந்த அறையில் அதை அறிந்தவர் மிஸ் ஒருவர்தான். மேன்முறையீட்டுக்குப் போக எனக்கு லீவு தந்தவர் அவர்.

கூட்டத் தலைவர் அவசரக்காரர், ஆனால் கெட்டவர் அல்ல. "விஷயம் தெளிவாகிவிட்டது," என்றார். "உறவில்லாத இரண்டு நபர்கள். இரண்டு பெட்டி, இரண்டு எண். புதிய எண் பெறுகிற குழந்தைகள் மேல்மாடியில் குழந்தைகளுக்கென்று உள்ள அறைக்குப் போவார்கள்."

"புதைத்தவர்களுக்கு அது தெரியாதா?" என்று மிஸ் டாசன் கேட்டார்.

டாக்டர் பதில் சொன்னார். "தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். வளர்ப்புத் தாயாக இருக்கலாம், பால் கொடுக்க அமர்த்தியவளாக இருக்கலாம், ஒரே நாளில் இறந்த இருவராகவும் இருக்கலாம். என் சோதனை அதைச் சொல்லாது."

"அப்படியென்றால் சோதனை சொல்லாததை நாமும் சொல்ல வேண்டாம்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் நாதன், எலும்புக்குச் சேதமில்லாமல் அந்த மெழுகைப் பிரிக்க முடியுமா?"

முடியாது என்று நான் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சேதம் வரும் வேலையைச் செய்யக் கூடாது என்பதும் விதிதான். என்னைத் தவிர அந்த மெழுகைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் அங்கில்லை. மிஸ் என்னைப் பார்க்கவில்லை, தன் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த இருவருக்கும் வாயில்லை. நாங்கள் எழுதிவைப்பதுதான் அவர்களுடைய பேச்சு. அதில் ஒரு பொய்யைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

"முடியும்," என்றேன். "கோடைவரை எடுக்கும்."

"நல்லது," என்று தலைவர் தாளை மூடப் பார்த்தார்.

"பெட்டி இரண்டாகட்டும்," என்றார் மிஸ். "எண் ஒன்றாகவே இருக்க வேண்டும்."

"விதி உங்களுக்குத் தெரியும். ஒரே எண் என்றால் அவர்கள் ஒன்றின் பகுதிகளாக இருக்க வேண்டும்."

"ஆம். ஒரு கல்லறையின் பகுதிகள். அகழ்ந்தவர்கள் ஆளுக்கு எண் கொடுக்கவில்லை, கல்லறைக்குக் கொடுத்தார்கள். நாங்கள் வைத்திருப்பது அந்த எண்ணை." அதே மெல்லிய குரலில் தொடர்ந்தார். "இவளுடைய கை அந்தக் குழந்தையைச் சுற்றியிருக்கிறது. இறந்தவள் தானாகக் கையை மடித்து வைக்க மாட்டாள். உயிரோடிருந்த யாரோ குழிக்குள் இறங்கி, அந்தக் கையை எடுத்து, அப்படி வைத்திருக்கிறார்கள். இவர்கள் யாருக்கு யார் என்று அந்த ஆள் நமக்குச் சொல்லிவிட்டார். நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, எழுதப்பட்டாயிற்று."

முதலில் தலையசைத்தவர் அந்த டாக்டர்தான். "அது நியாயம்," என்றார். "என் கட்டுரையிலும் அதை எழுதுவேன்."

"குழந்தைகளின் பெட்டி மேல்மாடிக்குப் போக வேண்டும் என்று..." என்று தலைவர் தொடங்கினார்.

"புதிய எண்களின் பெட்டி. இது பழைய எண்."

தலைவர் சிரித்துவிட்டார். "நீங்கள் வழக்கறிஞராகியிருக்க வேண்டும், மிஸ் டாசன்."

"வழக்கறிஞர்கள் பேசுவது அதிகம்," என்றார் மிஸ்.

லிப்டில் கீழே இறங்கும்போது நாங்கள் இருவர் மட்டும். அவர் ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அதை நான் உங்களுக்காகச் செய்யவில்லை, மிஸ்டர் நாதன்."

"தெரியும், மிஸ்."

"உங்களுக்காகச் செய்திருந்தால் தோற்றிருப்பேன்."

அன்று பின்னேரம் டிராமில் மிச்சம் திரும்பும்போது எங்கள் மேன்முறையீட்டை நினைத்தேன். அங்கே பலர் பல கேள்வி கேட்டார்கள். பவளத்தின் கையில் அந்தப் பிள்ளையை வைத்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வைத்தவன் நான். முன்வரிசையில்தான் இருந்தேன்.

வேலையைத் தொடங்கினேன். மெழுகு பிரிப்பதற்கு விரல் நகத்தைவிடச் சிறிய அலகுள்ள ஒரு கருவி உண்டு, மின்சாரத்தில் வெதுவெதுப்பாகும். அதை மெழுகில் வைத்து, இளகியதும் எடுத்து, உடனே ஒற்றுத்தாளை வைத்து மெழுகை உறிஞ்ச விட வேண்டும். எலும்பில் சூடு படக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டாவது முறை வைப்பதற்கு முன் அது முற்றாக ஆற வேண்டும். ஒற்றுத்தாளில் பழுப்பு வட்டம் வரும். அடுத்த தாளில் வட்டம் சிறிதாகும். வட்டம் வராத தாள் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. குழந்தையின் விலா எலும்பு ஈர்க்கைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். சில நாட்களில் பின்னேரம்வரை இருந்தும் ஓர் எலும்பின் பாதிதான் விடுபடும். மிஸ் எதிர் மேசையில் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பார்.

ஞாயிறு காலைகளில் பவளத்தோடு கதைப்பது என் வழக்கம்.

"இஞ்சேருங்கோ, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. காய்ச்சலோ?"

"இல்லையப்பா. வேலையில ஒரு விஷயம்." சொன்னேன்.

"நாலாயிரம் வருசத்துக்குப் பிறகும் விடமாட்டினமோ உங்கட ஆக்கள்?"

"என்ர ஆக்கள் இல்லை."

"சம்பளம் தாற ஆக்கள்தானே. ஆரைப் பிரிக்கச் சொல்லியிருக்கினம்? உங்களையோ?"

"ஓம்."

தூரத்தில் அவர்களுடைய வீட்டுச் சேவல் கூவியது.

"அப்ப நல்லது," என்றாள். "வேற ஆள் எண்டா இழுத்துப் பிச்சுப்போடும். நீங்கள் ஆறுதலாச் செய்யுங்கோ. ஒரு அவசரமும் இல்லை எண்டு சொல்லுங்கோ."

பிறகு தாரணி டெலிபோனை வாங்கினாள். "அப்பா, சாப்பிட்டீங்களோ? அம்மா கேக்கச் சொல்லுறா, எப்ப வாறியள் எண்டு."

"இந்த வேலை முடியட்டும், பிள்ளை."

"அங்க எப்பவும் ஒரு வேலை முடியத்தான் கிடக்கும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிய குரல் அது.

கடைசி விலா எலும்பு ஓகஸ்ட் மாதத்தில் விடுபட்டது. ஒன்றும் உடையவில்லை. பெண்ணை அவளுடைய பெட்டியில் முன்போலவே பக்கவாட்டில் வைத்தேன். வலக்கையை மடித்தபடியே வைத்து, அந்த இடைவெளிக்கு நுரைத்தாளை வெட்டித் தாங்கல் கொடுத்தேன். குழந்தைக்குப் புதிய சிறிய பெட்டி. அதே எண், பின்னால் ஓர் எழுத்து மட்டும். 'தாயும் சேயும்' என்ற பழைய எழுத்தை அழிக்கலாமா என்று கேட்டேன். மிஸ் அதைக் கோடிட்டு அடிக்காமல், கீழே பென்சிலால் 'ஒன்றாகப் புதைக்கப்பட்டவர்கள்' என்று எழுதினார்.

அதன் பிறகுதான் தட்டைப் பார்த்தோம். அந்தப் பெண்ணின் பெட்டிக்கு இரு பக்கமும் விரல் நுழையவும் இடமில்லை. கல்லறை எண் வரிசைப்படி தட்டு முழுவதும் நிறைந்திருந்தது. வெற்றிடம் அந்த வரிசையின் கடைசியில், சுவரோரத்தில் மட்டும் இருந்தது.

"அங்கே வைத்தாலும் அதே வரிசைதான்," என்றேன். அவருடைய முழங்காலை நினைத்துத்தான் சொன்னேன்.

மிஸ் சுவரோரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்து இருந்துகொண்டு, பென்சிலை எடுத்தார். "கடைசியிலிருந்து தொடங்குங்கள்," என்றார்.

சுவரோரத்திலிருந்த பெட்டியை வெற்றிடத்துக்கு நகர்த்தினேன். அது விட்ட இடத்துக்கு அதற்கு முன்னால் இருந்ததை. பிறகு அதற்கு முன்னால் இருந்ததை. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் அடியில் பிடித்துத் தூக்கி, எண்ணைச் சத்தமாக வாசித்து, புதிய இடத்தில் வைப்பேன். மிஸ் எண்ணைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொள்வார். மீன் பிடித்தவர்களும் நெசவுகாரிகளும் சுமை தூக்கியவர்களும் அந்தத் தட்டில் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் உறவா என்று எங்களுக்குத் தெரியாது. பின்னேரம் ஆகும்போது அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டிக்கான இடம் வந்தது. குழந்தையை அதில் வைத்தேன்.

அந்த ஒன்றுக்காக முழு வரிசையும் ஓர் இடம் தள்ளி இருந்தது. ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.